காரைக்குடி பக்கம் 18 லட்சத்துல, பஸ் ரயிலுக்குப் பக்கமா, வெக்கை இல்லாத வீடு கட்ட முடியுமா?

செக்காலை வாடகைவாசி:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இப்ப காரைக்குடி செக்காலைல வாடகைக்கு இருக்கோம், நான், வீட்டுக்காரம்மா, ரெண்டு பிள்ளைக, எங்க அம்மா. நான் தினமும் புதுக்கோட்டைக்கு வேலைக்குப் போயிட்டு வர்றேன், வீட்டுக்காரம்மா டவுன்லயே ஒரு கடைல கணக்கு பாக்குறாக. இருக்கிறது மாடி போர்ஷன், நேர் மேல மொட்டை மாடி, சித்திரை வைகாசில ராத்திரி பதினோரு மணிக்குக்கூட சுவத்துல கை வச்சா சூடு தெரியுது, அம்மாவுக்கு மூச்சு வாங்குது, பிள்ளைக தூங்கிறதில்ல. ஏசி போட்டா கரண்டு பில் கட்டி மாளாது. அதனால எப்படியாவது சொந்தமா ஒரு வீடு கட்டிரணும்னு முடிவு பண்ணிட்டோம்.

ரெண்டு மனை பாத்து வச்சிருக்கோம். ஒன்னு பைபாஸ் தாண்டி உள்ள தள்ளி ஒரு புது லேஅவுட்ல 5 சென்ட், மெயின் ரோட்டுக்கே மூணு கிலோமீட்டர் வரணும், மினி பஸ் வரும்னு சொல்றாக. இன்னொன்னு கோட்டையூர்ல, 20க்கு 50, ஆயிரம் சதுர அடி, கிழக்குப் பாத்தது, டவுன் பஸ் போற ரோட்டுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் நடந்தே போயிரலாம். விலை ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்னுதான். அம்மாவும் பங்காளிகளும் 5 சென்ட்ட எடு, மனை பெருசா இருந்தாத்தான் மதிப்புங்கிறாக. எனக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் கோட்டையூர்தான் மனசுல நிக்குது, ஆனா ஆயிரம் சதுர அடில அஞ்சு பேருக்கு காத்தோட்டமா வீடு வருமான்னு பயமா இருக்கு.

மனை போக கட்டடத்துக்கு 18 லட்சம் வரைக்கும் முடியும், அதுல பாதிக்கு மேல லோன். எந்த மனை எடுக்கலாம், ஏசி இல்லாம குளுமையா இருக்க என்ன செய்யணும், அரசு மானியம் ஏதாவது கிடைக்குமா, அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. இன்னொன்னு, எங்க ஐயா காலத்து வீட்டுக்குள்ள போனா வெயில் நாள்லகூட ஜில்லுன்னு இருக்கும், அந்த மாதிரி நம்ம பட்ஜெட்ல எதையாவது கொண்டு வர முடியுமா?

மனை பாக்குறவன்:

5 சென்ட்ட எடுங்க சார். இன்னைக்கு உள்ள தள்ளி இருக்குன்னு தோணும், காரைக்குடி கார்ப்பரேஷன் ஆயிருச்சு, ஊரு வளர்ந்துக்கிட்டுதான் இருக்கு, பத்து வருசத்துல அந்தப் பக்கமும் கடை கண்ணி வந்துரும். சின்ன மனைல கட்டிட்டு பின்னாடி ஒரு ரூம் எடுக்கணும்னாலும் இடம் இருக்காது. வண்டி இருக்குல்ல, மூணு கிலோமீட்டர் ஒரு தூரமா?

ரயிலடி பெரியவர்:

தம்பி, மேல சொன்னவர் நிலத்தோட மதிப்பப் பத்திச் சொன்னது நியாயந்தான், ஆனா நீங்க விக்கிறதுக்கு வாங்கல, குடியிருக்க வாங்குறீக. குடியிருக்கிறவனுக்கு மனை விலைங்கிறது முதல் செலவுதான், அதுக்கு அப்பறம் இருபது வருசத்துக்கு தினம் தினம் போக்குவரத்துச் செலவு இருக்கு, அதை யாரும் பத்திரத்துல எழுத மாட்டாக.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. உள்ள தள்ளி இருக்கிற மனைன்னா நீங்க காலைல பஸ் ஏற வண்டில வரணும், வீட்டுக்காரம்மா டவுனுக்கு ஒரு வண்டி, பிள்ளைகள பள்ளிக்கூடம் விட, டியூஷன் விட, அம்மாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிப்போக, ஒரு சாமான் மறந்தா அதுக்கு ஒரு நடை. எல்லாஞ் சேத்து ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் வண்டி ஓடும்னு வைங்க, டவுனுக்குள்ள லிட்டருக்கு 40தான் கிடைக்கும், ஆக ஒரு லிட்டர், நூறு ரூவாய்க்கு குறையாது. மாசத்துக்கு 25 நாள்னா 2,500. இதுல ரெண்டாவது வண்டி வாங்குற காசு, இன்சூரன்ஸ், சர்வீஸ், ஸ்கூல் வேன் எதுவும் சேக்கல. ஹவுசிங் லோன் எட்டரை சதவீத வட்டில 20 வருசத்துக்கு எடுத்தா லட்சத்துக்கு மாசம் 870 ரூவா பக்கம் வரும், அப்ப அந்த 2,500ங்கிறது கிட்டத்தட்ட 2 லட்சத்து 85 ஆயிரம் லோனுக்குக் கட்டுற தவணை. அந்தக் காச பெட்ரோலுக்குக் குடுக்கிறதுக்குப் பதிலா கூரைக்கும் ஜன்னலுக்கும் போடுங்க, வீடு வீடா இருக்கும்.

வீட்டுக்காரம்மாவுக்கு சாதா கட்டண டவுன் பஸ்ல டிக்கெட்டே கிடையாது, 2021லேர்ந்து பெண்களுக்கு இலவசம், நாளைக்கு மகள் காலேஜ் போனாலும் அதேதான். மெயின் ரோட்டுல இருந்தா இந்தச் சலுகை உங்க குடும்பத்துக்கு தினமும் கைல வர்ற காசு, மூணு கிலோமீட்டர் உள்ள இருந்தா அது பேருக்கு இருக்கும்.

ரயிலப் பத்தி ஒளிக்காம சொல்லணும். திருச்சி, புதுக்கோட்டை, திருமயம், செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடின்னு ஒரே லைன்தான், பாசஞ்சர் வண்டி உங்க வேலை நேரத்துக்கு ஒத்து வந்தா சீசன் டிக்கெட் எடுத்துக்கிட்டா அதவிட மலிவா புதுக்கோட்டைக்குப் போக முடியாது. ஆனா கோட்டையூர் சின்ன ஸ்டேஷன், எக்ஸ்பிரஸ் வண்டி பெரும்பாலும் நிக்காது, சென்னை போற பல்லவன் எக்ஸ்பிரஸுக்கு நீங்க காரைக்குடி ஜங்ஷன்தான் போகணும். அதனால ஸ்டேஷன் பக்கத்துல இருக்குன்னு மட்டும் நம்பி மனை எடுக்காதீக. பஸ்சும் ரயிலும் ரெண்டும் இருக்குங்கிறதுதான் அங்க பலம், ஒன்னு தப்புனா இன்னொன்னு.

மனையப் பாக்க வெள்ளன போகாதீக, ராத்திரி எட்டரை ஒம்பது மணிக்கு பஸ்ஸ விட்டு இறங்கி மனை வரைக்கும் நடந்து பாருங்க, வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. தெரு விளக்கு எரியுதா, நாய்த் தொல்லை எப்படி, கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்குன்னு பக்கத்து டீக்கடைல கேளுங்க. மழை பேஞ்ச மறுநாளும் ஒரு தடவ போங்க. அப்பறம் மனை தண்டவாளத்துக்கு எவ்வளவு தூரம்னு அளந்துக்கங்க, ரயில்வே எல்லைலேர்ந்து 30 மீட்டருக்குள்ள வந்தா கட்டுறதுக்கு ரயில்வேகிட்ட தடையில்லாச் சான்று வாங்கணும், அது வேலையா இழுக்கும்.

கல்லல் சைட் இன்ஜினியர்:

பெரியவர் போக்குவரத்துக் கணக்க நல்லாச் சொல்லிட்டாக, நான் கட்டடத்தப் பத்தி மட்டும் பேசுறேன், கொஞ்சம் நீளமா வரும்.

முதல்ல ஒரு விசயம், 20க்கு 50 கிழக்குப் பாத்த மனைங்கிறது வெக்கையப் பொறுத்தவரைக்கும் உங்களுக்கு கிடைச்ச யோகம். வீட்டுக்கு வெயில் அடிக்கிற மோசமான ரெண்டு பக்கம் கிழக்கும் மேற்கும், காலைலயும் சாயங்காலமும் சூரியன் தாழ்வா இருக்கும்போது சன்ஷேடுக்கு அடியில பூந்து சுவத்துல நேரா அடிக்கும். உங்க மனைல அந்த ரெண்டு பக்கமும் 20 அடிதான், நீளமான 50 அடிப் பக்கம் வடக்கும் தெற்கும் பாத்திருக்கு. பழைய செட்டிநாட்டு வீடுகளும் இப்படித்தான், கிழக்கு மேற்கா நீண்டு முன் தெருவுலேர்ந்து பின் தெரு வரைக்கும் ஓடும். மேற்குப் பக்கம் படிக்கட்டு, பாத்ரூம், சாமான் ரூம்னு வச்சுட்டா சாயங்கால வெயில அதுக வாங்கிக்கிரும், படுக்கிற ரூமுக்கு வராது.

ஆனா இங்க நெறயப் பேரு கவனிக்காத ஒன்னு இருக்கு. வடக்குப் பக்கம் வெயிலே வராதுன்னு புக்குல படிச்சுட்டு வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேடு வைக்காம விட்டுர்றாக. அது டெல்லிக்கு ஓரளவு சரி. நம்ம ஊரு 10 டிகிரி அட்சரேகைல இருக்கு, சித்திரை பொறந்த கையோட சூரியன் நம்ம உச்சந்தலைக்கு வந்துரும், அதுக்கப்பறம் ஆவணி வரைக்கும் வடக்குப் பக்கமாத்தான் போகும். அதாவது வருசத்துல ரொம்பச் சூடான நாள்ல வடக்கு ஜன்னல்லதான் வெயில் விழும், அதனால நாலு பக்கமும் ரெண்டடி சன்ஷேடு கண்டிப்பா வைங்க.

உச்சில சூரியன்னா அடி வாங்குறது கூரைதான். ஒத்த மாடி வீட்டுல உள்ள வர்ற வெக்கைல பெரும்பங்கு கூரை வழியாத்தான் வருது. உங்க வாடகை வீட்டுல ராத்திரி பதினோரு மணிக்கு சூடு தெரியுதுன்னு சொன்னீங்கள்ல, அஞ்சு இஞ்ச் கான்கிரீட் ஸ்லாப் பகல் பூரா வாங்குன சூட்ட ராத்திரி கீழ இறக்குது, அதான். மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பு (பி.இ.இ) 2018ல வீடுகளுக்குன்னே ஈகோ நிவாஸ் சம்ஹிதான்னு ஒரு விதிமுறை கொண்டு வந்தாங்க, அதுல கூரை வெப்பம் கடத்துற அளவு, ஒரு டிகிரி சூட்டு வித்தியாசத்துக்கு சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்குள்ள இருக்கணும்னு இருக்கு. வெறும் கான்கிரீட் ஸ்லாப் அதுக்கு மூணு மடங்கு பக்கம் கடத்தும். அதனால 18 லட்சத்துல எங்க குறைச்சாலும் கூரைல மட்டும் குறைக்காதீங்க. ஸ்லாப் மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடிச்சு இறுக்குற வெதரிங் கோர்ஸ் மூணு நாலு இஞ்ச், அதுக்கு மேல தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதிச்சு, அதுக்கு மேல வெள்ளைச் சுண்ணாம்பு. கைல காசு மிஞ்சினா வெள்ளை கூலிங் டைல்ஸ். சுண்ணாம்பு அடிக்கிறது வருசா வருசம் மாசி பங்குனில செய்யணும், கிளிஞ்சல் சுண்ணாம்பு ரெண்டு மூட்டையும் ஒரு ஆள் கூலியும்தான் செலவு, வேற எந்தச் செலவுக்கும் இவ்வளவு பலன் கிடைக்காது.

பழைய வீட்டுக் குளுமைக்கு வருவோம். காரைக்குடில இப்ப செட்டிநாட்டு ஸ்டைல்னு சொல்லி முன்னாடி நாலு தூண நிறுத்தி, கூரைக்கு மேல ஓடு ஒட்டி விட்டுர்றாங்க, உள்ள போனா அனல். அந்த வீடுகள்ல குளுமை தூண்லேர்ந்து வரல. தடிச்ச சுவரு, சுண்ணாம்புப் பூச்சு, அடுக்கு அடுக்கா போட்ட நாட்டு ஓடு, எல்லாத்துக்கும் நடுவுல வானத்தப் பாத்த வளவு (நடு முற்றம்), அதச் சுத்தி நிழலான தாழ்வாரம், இதெல்லாஞ் சேந்துதான் அந்தக் குளுமை. வளவு வழியா சூடான காத்து மேல ஏறிப் போகும், நிழல்ல இருக்கிற காத்து ரூமுக்குள்ள இழுபடும். ஆயிரம் சதுர அடில உங்களுக்கு அம்புட்டுப் பெரிய வளவு வராது, ஆனா நடுவுல ஆறுக்கு ஆறு திறந்த வெளி விடலாம். மேல கம்பி கிரில், கொசு வலை, நாலு பக்கமும் ஒன்றரை அடி ஓட்டுச் சரிவு. ஹால், சமையக்கட்டு, ஒரு பெட்ரூம் மூணும் அதப் பாத்து ஜன்னல் திறக்கணும். ஐப்பசி கார்த்திகைல அதுல விழுற மழைத்தண்ணிய அப்படியே வடிகட்டி தொட்டிக்கு விட்ருங்க, மழைநீர் சேகரிப்பு 2003லேர்ந்து இங்க எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம், தனியா ஒரு வேலை மிச்சம்.

ஜன்னல் விசயத்துல ஒரே ஒரு வேண்டுகோள், ஸ்லைடிங் ஜன்னல் வைக்காதீங்க. நாலடி ஜன்னல் வாங்கி ரெண்டடிதான் திறக்கும், பாதிக் காச கண்ணாடிக்கு குடுத்த மாதிரி. ரெட்டைக் கதவு வச்சு முழுசாத் திறக்கிற ஜன்னல் போடுங்க. நம்ம மாதிரி சூடும் ஈரமுமா இருக்கிற ஊருக்கு, தரை அளவுல ஆறுல ஒரு பங்காவது திறக்கணும்னு அதே விதிமுறைல இருக்கு, அதாவது 120 சதுர அடி ரூமுக்கு 20 சதுர அடி.

கட்டற அளவு 700 சதுர அடிய தாண்டாதீங்க. இப்ப நம்ம பக்கம் சதுர அடிக்கு 2,200, 2,300 இல்லாம நல்ல வேலை நடக்காது, 700னா 16 லட்சம், மிச்சம் தொட்டி, காம்பவுண்டு, கரண்டு கனெக்‌ஷனுக்கு சரியா இருக்கும். அஸ்திவாரத்த மட்டும் மாடிக்குத் தாங்குற மாதிரி போட்ருங்க, பிள்ளைக வளந்த பிறகு மேல ரெண்டு ரூம் எடுத்துக்கலாம், அப்ப கீழ்வீட்டுக்கு வெயிலே கிடையாது. சின்ன மனைல பின்னாடி எக்ஸ்டென்ஷன் வராதுன்னு மேல ஒருத்தர் சொன்னதுக்கு இதான் பதில்.

கண்டனூர் ஆச்சி:

தம்பி, இன்ஜினியர் சொன்ன சுண்ணாம்பு விசயம் நூத்துக்கு நூறு உண்மை. எங்க வீடு சின்ன வீடுதான், மூணு வருசமா மாடிக்கு வெள்ளை அடிக்கிறோம், மதியம் ரெண்டு மணிக்கு ஹால்ல பாய் விரிச்சுப் படுக்கலாம், முன்னாடி அந்த நேரத்துக்கு வேப்பமரத்தடிக்குத்தான் போவோம்.

நான் சொல்ல வர்றது சமையக்கட்டு. இன்ஜினியர்மாரு பெட்ரூமப் பத்தியே யோசிக்கிறாக, வீட்டுல அதிக நேரம் வெந்து போறது சமைக்கிறவக. அடுப்பு வைக்கிற சுவத்துல உயரமா, லிண்டலுக்கு (ஜன்னல், கதவுக்கு மேல வர்ற கான்கிரீட் பட்டை) மேல, ஒரு ஜாலி (ஓட்டை ஓட்டையா காத்துப் போற அடைப்பு) விடச் சொல்லுங்க, எதிர்ச் சுவத்துல வளவப் பாத்து ஒரு ஜன்னல். தாளிக்கிற புகையும் சூடும் அதுல போயிரும், அந்த எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தமே வேணாம். பழைய வீட்டுல சமையல் ரெண்டாங்கட்டுக்கு (ரெண்டாவது முற்றப் பகுதி) அப்பறம் பின்னாடிதானே இருக்கும், சூட்ட வீட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாதுன்னுதான் அப்படி.

ஃபேன் எல்லாம் பி.எல்.டி.சி (கரண்டு கம்மியா இழுக்கிற மோட்டார் வச்சது) வாங்குங்க. சாதா ஃபேன் 75 வாட், இது 30 வாட்தான் இழுக்கும். நாலு ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடுனா ரெண்டு மாசத்துக்கு சாதா ஃபேன் 216 யூனிட், இதுல 86 யூனிட். நமக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், அப்பறம் ஏற ஏற ரேட்டு கூடும், 500 தாண்டிட்டா கணக்குப் போடுற முறையே மாறிரும், ஒரு யூனிட் கூடிப் போனாலும் பில்லு தூக்கிரும். எங்க வீட்டுல 250க்கு மேல போகவே மாட்டோம். அம்மாவுக்காக ஒரு ரூமுக்கு மட்டும் பின்னால ஏசி வைக்கணும்னு வந்தா வைங்க, அதுல தப்பே இல்ல, வயசானவக உடம்புதான் முக்கியம். கூரை குளுமையா இருந்தா ஒரு டன் ஏசியே போதும், அதும் நிறுத்தி நிறுத்தி ஓடும்.

அம்மாட்ட நான் சொன்னதாச் சொல்லுங்க, பெரிய மனைல தனியா உக்காந்திருந்தா பகல்ல பேச்சுத்துணைக்கு ஆள் இருக்காது. தெருவுக்குள்ள இருந்தா கோயில், கடை, மருந்துக்கடை எல்லாத்துக்கும் அவுகளே நடந்து போயிட்டு வந்துருவாக, உங்க கைய எதிர்பாக்க வேணாம்.

ஆத்தங்குடி பக்கத்து ஆள்:

அண்ணே, தரைக்கு ஆத்தங்குடி டைல்ஸ் யோசிச்சுப் பாருங்க, ஊருக்குள்ள நேரா பட்டறைல வாங்குனா கடை விலை இருக்காது. இது சூளைல சுடுற டைல்ஸ் இல்ல, கண்ணாடி மேல அச்சு வச்சு கலர ஊத்தி, உள்ளூர் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணித் தொட்டில ஊறப் போட்டு, காய வைக்கிறதுதான், நெருப்பு செலவே கிடையாது. வெறுங்கால்ல நடந்தா குளுமை தெரியும், நடக்க நடக்க பளபளப்பு கூடும். வீடு பூரா போட காசு பத்தலேன்னா ஹால்லயும் வளவச் சுத்தியும் மட்டும் போட்டுட்டு மத்த ரூமுக்கு சிவப்பு ஆக்சைடு தரை போட்ருங்க, அதும் குளுமைதான். ஆனா பதிக்கிற ஆள் பழகுன ஆளா இருக்கணும், கண்ட கொத்தனார விட்டா மட்டம் ஏறி இறங்கிப் போயிரும். ஆசிட் மட்டும் ஊத்தவே கூடாது, அதனால பாத்ரூமுக்கு வேண்டாம்.

இன்னொன்னு, நம்ம பக்கம் பழைய வீடு இடிக்கிறது நடந்துக்கிட்டுத்தான் இருக்கு, மனசு கேக்கல, ஆனா இடிச்ச சாமான் வீணாப் போறதவிட ஒரு வீட்டுக்குப் பயன்பட்டா நல்லதுதானே. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல ஆண்டிக் சாமான் விலை வெளியூர்க்காரவுகளுக்குன்னு ஏறிப் போச்சு, அங்க போகாதீங்க, இடிக்கிற இடத்துலயே காண்ட்ராக்டர்ட்ட பேசுனா தேக்கு ஜன்னல், கதவு நிலை நியாயமாக் கிடைக்கும். பழைய மங்களூர் ஓடு, நாட்டு ஓடு கிடைச்சாலும் எடுத்து வைங்க, வளவு சரிவுக்கு ஆகும்.

கல்லல் சைட் இன்ஜினியர்:

மேல சொன்ன பழைய மங்களூர் ஓட்ட ஸ்லாப்புக்குள்ளயே வைக்கலாம், ஃபில்லர் ஸ்லாப்னு பேரு. ஸ்லாப்போட அடிப்பாகத்துல இருக்கிற கான்கிரீட் பெருசா வேலை செய்யாது, கம்பிதான் இழுவையத் தாங்கும், அதனால கம்பிக்கு நடுவுல ஓட்ட ரெண்டு ரெண்டா கவுத்து வச்சு கான்கிரீட் ஊத்துறது. கான்கிரீட் மிச்சமாகும், எடை குறையும், ரெண்டு ஓட்டுக்கு நடுவுல நிக்கிற காத்து சூட்டக் கொஞ்சம் தடுக்கும். கேரளாவுல ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் இதையும் வச்சுத்தான் ஏழைகளுக்கு மலிவா அத்தன வீடு கட்டினாரு. ஆனா டிசைன் போட்டுக் கையெழுத்துப் போட ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேணும், நீங்க மேல மாடி வேற எடுக்கப் போறீங்க.

லோன் மேசை:

மானியம் கேட்டீங்க. பேங்க்ல ஹவுசிங் லோன் பாக்குறவன்ங்கிற முறைல சொல்றேன். பிரதமர் வீட்டு வசதித் திட்டம் நகர்ப்புறம் 2.0, 2024 செப்டம்பர்லேர்ந்து நடக்குது. அதுல வட்டி மானியம் இருக்கு, குடும்ப வருசவருமானம் 9 லட்சத்துக்குள்ள, வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ள, லோன் 25 லட்சத்துக்குள்ள இருக்கணும், லோன்ல முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், மொத்தமா அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம், அஞ்சு வருசத் தவணையா லோன் கணக்குல வரவு வைப்பாங்க. வருமானம் 3 லட்சத்துக்குள்ள உள்ளவங்க சொந்த மனைல கட்டுறதுக்கு தனியா உதவித்தொகை பிரிவும் இருக்கு, ரெண்டுல ஒன்னுதான் வாங்க முடியும்.

செட்டிநாட்டுக்காரங்க எல்லாரும் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் இதுல இருக்கு. கணவன், மனைவி, கல்யாணம் ஆகாத பிள்ளைங்க யார் பேர்லயும் இந்தியாவுல எங்கயும் பக்கா வீடு இருக்கக்கூடாதுன்னு விதி. நீங்க ஐயா காலத்து வீடுன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பூர்வீக வீட்டுல உங்களுக்குப் பங்கு இருக்கா, பத்திரத்துல, வரி ரசீதுல உங்க பேரு இருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தா அத மறைக்காம பேங்க்ல எழுத்து மூலமாக் கேட்டு பதில் வாங்கிட்டு அப்பறம் விண்ணப்பிங்க.

மனைய வீட்டுக்காரம்மா பேர்ல பதிஞ்சீங்கன்னா, மதிப்பு 10 லட்சத்துக்குள்ள இருந்தா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறையும், 2025 ஏப்ரல்லேர்ந்து இருக்கு. பிளான் அப்ரூவலுக்கு அலைய வேண்டியதில்ல, 2,500 சதுர அடி மனைக்குள்ள, 3,500 சதுர அடி கட்டடத்துக்குள்ள, தரைத்தளமும் ஒரு மாடியும்னா ஆன்லைன்ல சுயசான்று குடுத்து உடனடியா அனுமதி வாங்கிக்கலாம். ஆனா லேஅவுட் அப்ரூவ்டா, வில்லங்கம் பட்டா சரியான்னு நீங்கதான் பாத்துக்கணும், பைபாஸ் பக்கம் உள்ள புது லேஅவுட்டுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அனுமதி நம்பர் கேட்டுப் பாருங்க, அது இல்லேன்னா எந்த பேங்க்கும் லோன் தராது.

சோலார் பத்தி யாரும் பேசல. சூரிய வீடு திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் 78,000 மானியம். ஆனா ஆச்சி வீடு மாதிரி 250 யூனிட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்கு அவசரம் இல்ல, போட்ட காசு திரும்ப ரொம்ப நாளாகும். இப்போதைக்கு மாடிலேர்ந்து மீட்டர் பெட்டிக்கு ஒரு பைப்பு மட்டும் விட்டு வைங்க, ஏசி வைக்கிற காலத்துல யோசிக்கலாம்.

செக்காலை வாடகைவாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி வீட்டுக்காரம்மாவும் நானும் கோட்டையூர் போய் பஸ்ஸ விட்டு இறங்கி நடந்து பாத்தோம், தெரு விளக்கு எரியுது, வழில மருந்துக்கடை இருக்கு, தண்டவாளம் நல்ல தூரம். அம்மாவையும் இன்னைக்கு காலைல கூட்டிப் போனோம், பக்கத்து வீட்டு ஆச்சிட்ட அரை மணி நேரம் பேசிட்டு இருந்தாக, அதுக்கப்பறம் 5 சென்ட் பேச்ச எடுக்கல. பைபாஸ் லேஅவுட்டுக்கு டிடிசிபி நம்பர் கேட்டதுக்கு போட்டுக்கிட்டு இருக்கோம், வந்துரும்னாங்க. கோட்டையூர் மனைக்கு அடுத்த வாரம் அட்வான்ஸ் போடுறோம். பூர்வீக வீட்டு வரி ரசீது இன்னும் ஐயா பேர்லதான் இருக்கு, லோன் மேசை சார் சொன்ன மாதிரி பேங்க்ல எழுதிக் கேக்குறேன்.

ஒரு கேள்வி பாக்கி. எலிப்பொறி மாதிரி உள்ள காலி விட்டு செங்கல் கட்டுனா கல்லும் மிச்சம், வெக்கையும் வராதுன்னு ஒருத்தர் சொன்னாரு. எங்க கொத்தனார் வேணாங்கிறாரு. செய்யலாமா?

கல்லல் சைட் இன்ஜினியர்:

ராட் ட்ராப் பாண்ட்னு சொல்றது அதான், செங்கல நெத்திக்கு நிறுத்தி வச்சுக் கட்டுறது. கல்லு நாலுல ஒரு பங்கு மிச்சமாகும், நடுவுல காத்து நிக்கிறதால வெக்கையும் குறையும், முறை நல்ல முறை. ஆனா கல்லு எல்லாம் ஒரே அளவா, முனை உடையாம இருக்கணும். நம்ம பக்கத்துச் சூளைக் கல்லு ஒன்னு போல ஒன்னு இருக்காது, அத வச்சு இப்படிக் கட்டுனா கலவை ஏகத்துக்கும் போகும், மிச்சம் பிடிச்சது அதுல போயிரும். ஒரே அளவா வர்ற சேம்பர் சூளைக் கல்லு உங்களுக்கு லோடு விலை கட்டுப்படி ஆச்சுன்னா செய்யலாம், அதுக்கு கொத்தனாரும் ஏற்கனவே கட்டுன ஆளா இருக்கணும். கரண்டு பைப்பு எங்க போகுதுன்னு முன்னாடியே குறிச்சுக்கணும், பாத்ரூம் சுவரு, ஜன்னலுக்குக் கீழ் வரி, லிண்டலுக்குக் கீழ் வரி இதெல்லாம் கெட்டியாக் கட்டணும். உங்க கொத்தனார் வேணாம்னு சொல்றாருன்னா வற்புறுத்தாதீங்க. மேற்குச் சுவர மட்டும் செம்புரான் கல்லுல (லேட்டரைட் கல்லு) தடிமனா எடுத்து சுண்ணாம்பு பூசிருங்க, அந்தக் கல்லு அவருக்குப் பழக்கமாத்தான் இருக்கும், மத்த சுவரு சாதாரண ஒம்பது இஞ்ச்.

பத்திரம் முடிஞ்சதும் தள்ளிப் போடாம ஐப்பசிக்கு முன்னாடி பேஸ்மெண்ட் எடுத்து, மண்ண நிரப்பி, அப்படியே விட்ருங்க. வடகிழக்கு மழை ரெண்டு மாசம் அடிச்சு மண்ணு தன்னால இறுகிரும், தை பொறந்து சுவரு ஏத்துனா தரை பின்னால உக்காராது, ஆத்தங்குடி கல்லு பதிக்கிறவருக்கும் மட்டம் சரியாக் கிடைக்கும்.